ஓட்டை கண்ணில் பட்டா முதலில் யாரிடம் சொல்வது? செஃபிர் திட்டத்தை முன்வைத்து

நாகர்கோவிலில் இருந்து பேசுறேன். இந்த எபிசோடுக்கு வித்து போட்டது நம்ம மாவட்டத்து இன்ஜினியரிங் கல்லூரிப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிற ரெண்டு கேள்வி. ஒண்ணு, "அண்ணே, எம்பெடெட் பக்கம் ஓப்பன் சோர்ஸ்ல வேலை செய்யணும்னா எங்க தொடங்குறது?" இன்னொண்ணு, "அப்படி வேலை செய்யும்போது ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்ணுல பட்டா என்ன செய்யணும்?"

முதல் கேள்விக்கு யூடியூப்ல நூறு வீடியோ இருக்கு. ரெண்டாவது கேள்விக்குத் தமிழில் பதில் தேடினால் அவ்வளவா ஒண்ணும் கிடைக்காது. ஆனா ரெண்டும் ஒரே பழக்கத்தின் ரெண்டு பக்கம். அதனால ரெண்டையும் சேர்த்தே பேசிடலாம்.

இது நமக்கு எதுக்கு?

ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் போனீங்கன்னா ரெண்டு பக்கமும் காற்றாலைதான். இந்தியாவின் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் அது ஒண்ணு. கீழே நின்னு பார்க்கும்போது இறக்கை சுற்றுறது மட்டும்தான் தெரியும். உள்ளே காற்றின் வேகத்தை அளக்க ஒரு சென்சார், இறக்கையின் கோணத்தைத் திருப்ப ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, கணக்கை ஆபீசுக்கு அனுப்ப ஒரு மோடம் இருக்கும். இது ஒவ்வொண்ணும் ஒரு சின்னக் கணினி. கீபோர்டு கிடையாது, திரை கிடையாது, ஆனா உள்ளே மென்பொருள் ஓடிக்கிட்டே இருக்கு. அதைத்தான் எம்பெடெட் மென்பொருள்னு சொல்றோம்.

2022 பிப்ரவரி 24ஆம் தேதி, உக்ரைன் போர் தொடங்கிய அதே நாள், ஐரோப்பாவில் வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் இணையச் சேவையைத் தாக்கினாங்க. வாடிக்கையாளர்களிடம் இருந்த ஆயிரக்கணக்கான மோடம்களின் நினைவகம் அழிஞ்சு போச்சு. அந்த மோடம்களை நம்பி இருந்த என்கான் நிறுவனத்தின் சுமார் 5,800 காற்றாலைகளைத் தூரத்தில் இருந்து கண்காணிக்க முடியாமப் போச்சு. காற்றாலை நிற்கல, தானாச் சுத்திக்கிட்டுதான் இருந்தது. ஆனா அதுக்கு என்ன ஆகுதுன்னு பார்க்க ஆபீசில் இருந்தவங்களுக்குக் கண் இல்லை. அங்கே நடந்தது முப்பந்தல்ல நடந்தா எப்படி இருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

கடல் பக்கம் வாங்க. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலை நம்ம ஆட்கள் யாரும் மறக்க மாட்டாங்க. ஆழ்கடலுக்குப் போயிருந்த தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரல. கரையில் தெரிஞ்ச செய்தியைப் படகுக்குக் கொண்டு சேர்க்கக் கருவி இல்லாததுதான் அன்றைய பெரிய குறை. அதுக்கு அப்புறம் செயற்கைக்கோள் வழியா ரெண்டு பக்கமும் தகவல் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவிகளைப் படகுகளில் பொருத்தும் வேலை நடக்குது. ஒரு லட்சம் படகுகளுக்குப் பொருத்தும் தேசியத் திட்டம் 2024 ஆகஸ்ட் 30ஆம் தேதி தொடங்கியது. அதுவும் எம்பெடெட் கருவிதான். லேப்டாப் ஹேங் ஆனா அணைச்சுட்டு மறுபடி போடலாம். கரையில் இருந்து நூறு மைல் தள்ளி ஒரு கருவி ஹேங் ஆனா அப்படிச் சாதாரணமா எடுத்துக்க முடியாது.

செஃபிர் என்றால் என்ன?

பேசுறதுக்கு ஒரு திட்டத்தைக் கையில் எடுத்துக்குவோம். எம்பெடெட் உலகத்தில் நிறைய ஓப்பன் சோர்ஸ் திட்டங்கள் இருக்கு. ஃப்ரீ ஆர்டாஸ், ரியாட், கான்டிக்கி, நட்எக்ஸ் எல்லாம் அந்த வகை. நான் செஃபிரை எடுக்கிறேன். காரணம், பங்களிப்பது எப்படி, ஓட்டையை அறிவிப்பது எப்படி என்ற ரெண்டையும் அவங்க தெளிவா எழுதி வச்சிருக்காங்க. நம்ம சென்னை ஐஐடியின் சக்தி பிராசசர் மாதிரி ரிஸ்க்-ஃபைவ் வகைச் சிப்பிலும் அது ஓடும்.

செஃபிர்னா கிரேக்கத்தில் மேல்காற்று. பழைய தமிழில் அதுக்குக் கோடைன்னு பேர். முப்பந்தல்காரங்களுக்குப் பொருத்தமான பேருதான்! 2016இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் இதை ஓப்பன் சோர்ஸ் திட்டமா அறிவிச்சது. அப்பாச்சி 2.0 லைசென்ஸ். சில கிலோபைட் நினைவகம் இருக்கிற சின்னச் சிப்பிலும் ஓடும் ரியல் டைம் இயங்குதளம். ரியல் டைம்னா, ஒரு வேலையை இவ்வளவு நேரத்துக்குள் முடிச்சே ஆகணும் என்ற கட்டாயம் உள்ளது. இறக்கையைத் திருப்புன்னா உடனே திருப்பணும், "அப்புறம் பாக்கலாம்" கிடையாது.

பங்களிப்பது எப்படி?

முதல் படி, திட்டத்தை இறக்கி உங்க கணினியில் ஓட்டிப் பார்ப்பது. செஃபிருக்கு வெஸ்ட்னு ஒரு கருவி இருக்கு. மூலநிரல், துணை நூலகங்கள் எல்லாத்தையும் அதுவே இறக்கித் தரும். கையில் போர்டு இல்லைன்னா கவலை வேண்டாம். க்யூஇமு என்ற எமுலேட்டரில், அதாவது கணினிக்குள்ளேயே பாவனை செய்யும் ஒரு சிப்பில், ஓட்டலாம். பத்து பைசா செலவில்லை.

ரெண்டாவது படி, திருத்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடிப்பது. புதுசா ஒரு பெரிய வசதியை எழுதித் தூக்கிக்கிட்டுப் போய் நிற்காதீங்க. முதலில் "இப்படிச் செய்யலாம்னு நினைக்கிறேன், சரியா?"ன்னு ஒரு இஷ்யூ திறந்து கேளுங்க. மூணு மாசம் உழைச்ச பிறகு "இது எங்க வடிவமைப்புக்கு ஒத்துவராது"ன்னு பதில் வந்தா யாருக்கும் மனசு கஷ்டம்தான். தொடங்குறவங்களுக்கு நல்ல இடம் ஆவணத்தில் உள்ள பிழை, ஒரு சென்சாரின் டிரைவர், ஒரு போர்டின் விவரக் கோப்பு, விடுபட்ட ஒரு டெஸ்ட். உங்க மேசையில் இருக்கிற போர்டு செஃபிரின் பட்டியலில் இல்லைன்னா, அந்தப் போர்டைச் சேர்ப்பதே உருப்படியான முதல் பங்களிப்பு. அதைச் சோதிக்கக் கருவி உங்க கையில்தான் இருக்கு, மற்றவங்க கையில் இல்லை.

மூணாவது படி கமிட் எழுதுவது. இங்கேதான் நம்ம ஆட்கள் அதிகமாத் திருப்பி அனுப்பப்படுறாங்க. தலைப்பு வரியில் எந்தப் பகுதி என்பதை முதலில் சொல்லி, முக்காற்புள்ளி வச்சு, என்ன மாற்றம்னு சுருக்கமா எழுதணும். கீழே ஏன் இந்த மாற்றம் தேவைப்பட்டதுன்னு விளக்கணும். "பக் சரி செய்யப்பட்டது"ன்னு மட்டும் எழுதினா அது குறிப்பே இல்லை. ரெண்டு வருஷம் கழிச்சு அதே இடத்தில் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிற்கப் போற ஒருத்தருக்கு நீங்க எழுதுற கடிதம்னு நினைச்சுக்கோங்க.

கடைசியில் "சைன்ட் ஆஃப் பை" என்ற வரி, அதில் உங்க சொந்தப் பெயரும் மின்னஞ்சலும் வரணும். கிட் கட்டளையில் ஒரு சின்ன விருப்பக்குறி கொடுத்தா அதுவே சேர்த்துக்கொள்ளும். இது வெறும் சடங்கு கிடையாது. "இந்த நிரலைத் தர எனக்கு உரிமை இருக்கு"ன்னு நீங்க போடுற கையெழுத்து. லினக்ஸ் கெர்னலில் 2004இல் தொடங்கின முறை. அந்தச் சமயத்தில் எஸ்சிஓ நிறுவனம், தன்னுடைய நிரல் லினக்ஸில் கலந்திருக்குன்னு வழக்குத் தொடுத்திருந்தது. எந்த வரி யார் வழியா வந்ததுன்னு கேட்டா காட்ட ஒரு தடம் வேண்டி இருந்தது. கம்பெனியில் வேலை செய்றவங்க இதைக் கவனமாப் படிக்கணும். ஆபீஸ் நேரத்தில் எழுதின நிரல் உங்க சொத்தா, கம்பெனி சொத்தான்னு பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.

நாலாவது படி, கிட்ஹப்பில் புல் ரெக்வஸ்ட். அனுப்பின உடனே தானியங்கிச் சோதனைகள் ஓடும். நிரலின் பாணி சரியா, கையெழுத்து வரி இருக்கா, வேற போர்டுகளில் எதையாவது உடைக்குதா எல்லாத்தையும் அதுவே பார்த்துடும். அப்புறம் மனுஷங்க பார்ப்பாங்க. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்புன்னு மெயின்டெய்னர்ஸ் என்ற கோப்பில் இருக்கு. குறைஞ்சது ரெண்டு பேர் ஒப்புதல் வேணும், சின்னத் திருத்தங்கள் தவிர மற்றதுக்கு ரெண்டு வேலை நாளாவது திறந்திருக்கணும். உலகத்தில் வேறு வேறு நேர மண்டலத்தில் இருக்கிறவங்க எல்லாரும் ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும் என்பதுதான் இதன் நோக்கம்.

"இதை மாற்று, அதை மாற்று"ன்னு பதினைஞ்சு குறிப்பு வந்தா பயப்படாதீங்க. குறிப்பு வருதுன்னா உங்க நிரலை ஒருத்தர் உட்கார்ந்து வரி வரியாப் படிச்சிருக்கார்னு அர்த்தம். காசு கொடுத்தாலும் கிடைக்காத டியூஷன் அது.

பச்சைக் கட்டத்துக்காக மட்டும் வேண்டாம்

கொஞ்சம் சங்கடமான விஷயம் ஒண்ணும் சொல்லணும். 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நடந்தப்போ, நாலு புல் ரெக்வஸ்ட் அனுப்பினா டிஷர்ட் கிடைக்கும்னு இந்தியாவில் ஒரு யூடியூப் வீடியோ ஓடியது. விளைவு, ரீட்மீ கோப்பில் ஒரு அடைமொழி சேர்ப்பது மாதிரியான ஆயிரக்கணக்கான வெற்றுத் திருத்தங்கள் உலகம் முழுக்கக் கொட்டின. அந்த மாசத் தொடக்கத்திலேயே விதிமுறையை மாற்ற வேண்டியதாப் போச்சு. 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் திட்டத்துக்கு அதே கதி. டுடோரியல் பார்த்த மாணவர்கள் அந்தத் திட்டத்தின் ரீட்மீயில் தங்கள் பெயரை எழுதி எழுதி அனுப்பினாங்க.

இதை யாரையும் குத்திக்காட்டச் சொல்லல. பிளேஸ்மென்ட்டுக்கு கிட்ஹப் பக்கத்தில் பச்சைக் கட்டம் வேணும்னு கல்லூரியிலேயே சொல்லி அனுப்பினா பிள்ளைகள் என்ன செய்யும்? ஆனா அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவரை நினைச்சுப் பாருங்க. அவர் சம்பளம் இல்லாம ராத்திரி பத்து மணிக்கு இதைப் பார்க்கிறவரா இருக்கலாம். நூறு குப்பைக்கு நடுவில் ஒரு நிஜமான பாதுகாப்பு அறிக்கை இருந்து, அது அவர் கண்ணில் படாமப் போனா, அதன் விலையை வேற யாரோ கொடுப்பாங்க. ஒரு மெயின்டெய்னர் சோர்ந்து போறதும் பாதுகாப்புப் பிரச்சினைதான். 2024இல் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரம் அப்படித்தான் நடந்தது. களைச்சுப் போயிருந்த ஒரே ஒரு மெயின்டெய்னருக்கு உதவுறேன்னு வந்த ஒரு புனைபெயர், ரெண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையா வேலை செஞ்சு நம்பிக்கையைச் சம்பாதிச்சு, கடைசியில் பின்வாசல் வச்சது.

ஓட்டையைக் கண்டா?

இப்போ ரெண்டாவது கேள்விக்கு வருவோம். நீங்க ஒரு டிரைவர் எழுத உட்கார்ந்திருக்கீங்க. பக்கத்தில் இருக்கிற நெட்வொர்க் நிரலைப் படிக்கும்போது ஒண்ணு கண்ணில் படுது. வெளியில் இருந்து வரும் பாக்கெட்டில் சொல்லியிருக்கிற நீளத்தைச் சரிபார்க்காம அப்படியே நம்பி, 64 பைட் இடத்தில் 200 பைட்டைக் கொட்டுது. இதுதான் பஃபர் ஓவர்ஃப்ளோ. ஒரு லிட்டர் குப்பியில் மூணு லிட்டர் ஊற்றினா மிச்சம் மேசையெல்லாம் ஓடும் இல்லையா? இங்கே அந்த மிச்சம் பக்கத்தில் இருக்கிற நினைவகத்தில் ஓடும். விஷயம் தெரிஞ்சவன் அந்த மிச்சத்தில் தன்னுடைய கட்டளையை வச்சு அனுப்புவான்.

கை துறுதுறுக்கும். உடனே கிட்ஹப்பில் இஷ்யூ திறக்கணும், ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடணும்னு தோணும். அங்கேதான் நிற்கணும். சாதாரணப் பிழைக்கும் பாதுகாப்பு ஓட்டைக்கும் வழி வேற வேற. சாதாரணப் பிழையை எல்லார் முன்னாடியும் சொல்லலாம், சொல்லணும். பாதுகாப்பு ஓட்டையை முதலில் தனியாச் சொல்லணும். பக்கத்து வீட்டுப் பின்கதவில் தாழ்ப்பாள் உடைஞ்சு கிடக்குன்னு தெரிஞ்சா வடசேரிச் சந்தையில் நின்னு கூவ மாட்டோம் இல்லையா? வீட்டுக்காரரைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லுவோம். அதேதான்.

எந்தத் திட்டமா இருந்தாலும் அதன் ரிப்போசிட்டரியில் செக்யூரிட்டி என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கான்னு முதலில் பாருங்க. யாருக்கு, எப்படி எழுதணும்னு அதில் இருக்கும். செஃபிருக்கு இதற்கென்றே ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கு. கிட்ஹப்பிலேயே மற்றவங்களுக்குத் தெரியாம அறிக்கை கொடுக்கும் வசதியும் உண்டு. நீங்க அனுப்பினது பாதுகாப்புக் குழுவுக்குப் போகும். ஒரு வாரத்துக்குள் பெற்றுக்கொண்டதைச் சொல்லி ஆராய்வதா அவங்க ஆவணத்தில் எழுதியிருக்காங்க. நீங்க அறிவிச்ச விஷயம் எந்த நிலையில் இருக்குன்னு பார்க்கும் அனுமதியும் உங்களுக்குக் கிடைக்கும்.

ஓட்டை உண்மைன்னு உறுதியானா அதுக்கு ஒரு சி.வி.இ. எண் கிடைக்கும். 1999இல் தொடங்கின உலகப் பொதுப் பதிவேடு இது. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு எண், அதனால ஆளாளுக்கு ஒரு பேர் வச்சுக் குழம்ப வேண்டியதில்லை. செஃபிர் 2017இல் இருந்து தானே இந்த எண்ணை வழங்கும் அதிகாரம் பெற்ற அமைப்பு.

அறிக்கையில் என்னென்ன இருக்கணும்?

எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பு, எந்தச் செயற்கூறு. எந்த அமைப்புத் தேர்வுகளை இயக்கினா ஓட்டை தெரியும். அதை மறுபடி நிகழ்த்திக் காட்டும் மிகச் சின்ன நிரல், க்யூஇமுவில் ஓடினா ரொம்ப நல்லது. தாக்குறவன் எங்கே இருக்கணும்? போர்டைக் கையில் வச்சிருக்கணுமா, புளூடூத் எட்டும் தூரமா, இணையத்தில் எங்கிருந்தும் முடியுமா? நடந்தா என்ன ஆகும்? கருவி நின்னு போகுமா, தகவல் கசியுமா, கட்டுப்பாடே கைமாறுமா? திருத்தம் தெரிஞ்சா அதையும் இணைங்க. கடைசியா, அறிவிக்கும்போது உங்க பெயர் வரணுமா வேண்டாமா என்பதையும் எழுதிடுங்க.

ஆங்கிலம் சுமாரா இருக்கேன்னு தயங்க வேண்டாம். ஓடுற நிரல் ஒண்ணு இணைச்சிருந்தா இலக்கணப் பிழையை யாரும் பார்க்க மாட்டாங்க. இன்னொரு பக்கம், ஏஐ எழுதிக் கொடுத்ததை ஓட்டிப் பார்க்காம அப்படியே அனுப்பாதீங்க. கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க் இந்த மாதிரி பொய் அறிக்கைகளால் குழுவின் நேரம் வீணாகுதுன்னு 2025இல் வெளிப்படையாவே கொதிச்சார். இல்லாத செயற்கூறில் இருக்கும் ஓட்டையைப் பற்றி நாலு பக்கம் பளபளன்னு எழுதினா யாருக்கு லாபம்?

எதுக்கு 90 நாள்?

செஃபிர் ஒரு ஓட்டையை 90 நாள் வரை வெளியில் சொல்லாம வச்சிருக்கும். எம்பார்கோன்னு சொல்வாங்க. 30 நாளுக்குள் திருத்தம் தயாராகணும், மீதி 60 நாள் அதை வச்சுக் கருவி செய்றவங்களுக்கு என்பது கணக்கு. "எதுக்கு இவ்வளவு நாள்? திருத்தினா உடனே சொல்ல வேண்டியதுதானே?"ன்னு கேட்பீங்க.

போனில் ஒரு ஆப்னா ராத்திரி அப்டேட் வரும், காலையில் சரியாகிடும். எம்பெடெட்ல அப்படி நடக்காது. செஃபிர் திருத்தினதும் அதைச் சிப் கம்பெனி எடுக்கணும். அவங்ககிட்ட இருந்து கருவி செய்றவர் எடுக்கணும், சோதிக்கணும். அப்புறம் கோபுரத்தின் உச்சியில், கடலில், வயலில் இருக்கிற கருவிக்குக் கொண்டு போய்ச் சேர்க்கணும். அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் நாள் ஆகும். ஓப்பன் சோர்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு, திருத்தம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். பழசையும் புதுசையும் பக்கத்தில் வச்சுப் பார்த்தா ஓட்டை எங்கே இருந்ததுன்னு விளங்கிடும். அதனால எம்பார்கோ காலத்தில் திருத்தத்தின் குறிப்பில் என்ன பிழைன்னு எழுதுவாங்க, அதை வச்சு எப்படித் தாக்கலாம்னு எழுத மாட்டாங்க.

2018இல் சிம்பீரியம் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஃப்ரீ ஆர்டாஸில் 13 ஓட்டைகளைக் கண்டுபிடிச்சப்போ, அமேசானோடு சேர்ந்து திருத்தம் வெளிவந்த பிறகும் தொழில்நுட்ப விவரங்களை 30 நாள் நிறுத்தி வச்சாங்க. சின்னக் கம்பெனிகளும் சரி செய்துக்கட்டும் என்றுதான். 2020 மே மாதம் என்சிசி குழுமம் செஃபிரையும் எம்சியுபூட்டையும் அலசி 26 ஓட்டைகளை வெளியிட்டது. அதில் 25 செஃபிரில். கேட்க மோசமா இருக்கும். ஆனா ஓட்டையே அறிவிக்காத திட்டத்தை விட, அறிவிச்சு, எண் போட்டு, திருத்தின திட்டத்தை நான் நம்புவேன். யாரும் பார்க்காத கிணற்றில் பாம்பு இல்லைன்னு அர்த்தம் கிடையாது.

எதிர்ப்பக்கத்துக்கு உதாரணம், அதே 2020 டிசம்பரில் ஃபோர்ஸ்கவுட் வெளியிட்ட அம்னீசியா 33. யுஐபி, எஃப்நெட், பைகோ டிசிபி, நட்நெட் என்ற நாலு ஓப்பன் சோர்ஸ் நெட்வொர்க் அடுக்குகளில் 33 ஓட்டைகள். 150க்கும் மேற்பட்ட கம்பெனிகளின் கருவிகள் அதில் மாட்டின. பெரிய தலைவலி என்னன்னா, அந்த நிரலை வருஷக்கணக்கா முன்னாடி நகலெடுத்துத் தங்கள் கருவியில் வச்சுக்கிட்டவங்க பல பேருக்கு, தங்களிடம் அது இருக்குங்கிறதே ஓர்மை இல்லை. திருத்தம் வந்தும் அது போய்ச் சேர முகவரி இல்லை.

ஆகவே நாகர்கோவில்லயோ மார்த்தாண்டத்திலயோ ஒரு சின்னக் கம்பெனி வச்சு, செஃபிர் போட்டுக் கருவி விற்கிறவங்க ரெண்டு காரியம் செய்யணும். உங்க கருவியில் என்னென்ன நிரல், எந்தெந்தப் பதிப்புன்னு ஒரு பட்டியல், அதாவது எஸ்-பாம். செஃபிரின் வெஸ்ட் கருவியே அதை உருவாக்கித் தரும். ரெண்டாவது, செஃபிரின் ஓட்டை அறிவிப்புப் பதிவேட்டில் உங்க கம்பெனியைப் பதிவு செய்வது. எம்பார்கோ காலத்திலேயே உங்களுக்குத் தகவல் வரும், காசு கிடையாது. அந்த 60 நாள் உங்களுக்காகத்தான் வச்சிருக்காங்க. பதிவு செய்யலைன்னா அது உங்களுக்குக் கிடைக்காது.

பக்கத்து ஊர் பாடம்

கூடங்குளம் நமக்கு அடுத்த மாவட்டம். 2019இல் அங்கே நடந்தது ஓப்பன் சோர்ஸ் விஷயம் இல்லை, ஆனாலும் அறிவிப்பு எப்படிப் போகணும் என்பதற்கு நல்ல பாடம். அக்டோபர் 29ஆம் தேதி அணுமின் நிலையம் ஒரு மறுப்பு வெளியிட்டது. கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, சைபர் தாக்குதலுக்கே வழியில்லை என்பது அதன் சாரம். மறுநாளே தேசிய அணுமின் கழகம் தன்னுடைய அமைப்பில் தீநிரல் இருந்தது உண்மைதான்னு ஒப்புக்கொண்டது. சர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4ஆம் தேதியே அதைக் கவனிச்சுத் தெரிவிச்சிருந்தது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான கணினி, முக்கியக் கட்டுப்பாட்டு வலையமைப்பில் இருந்து பிரிக்கப்பட்டதுன்னு விளக்கமும் வந்தது.

பாருங்க, உள்ளுக்குள் வேலை சரியான வழியில்தான் நடந்தது. தனியாச் சொன்னாங்க, விசாரிச்சாங்க. ஆனா வெளியில் சொன்ன முதல் வார்த்தை மறுப்பா இருந்ததால, அடுத்த நாள் சொன்ன உண்மையையும் ஜனங்க சந்தேகமாத்தான் பார்த்தாங்க. ஓட்டையை 90 நாள் மூடி வைப்பது ஒரு விஷயம், ஓட்டையே இல்லைன்னு சொல்வது வேறு விஷயம். முதலாவதுக்கு முடிவுத் தேதி உண்டு.

கேட்டவங்களுக்குப் பதில்

"திட்டக்காரங்க பதிலே போடலைன்னா?" மறுபடி எழுதுங்க, தேதி குறிச்சு எழுதுங்க. அப்பவும் சத்தமே இல்லைன்னா நடுவில் ஒருங்கிணைக்கிற அமைப்புக்குப் போங்க. இந்தியாவில் அது சர்ட்-இன். 2004இல் இருந்து இயங்குது, 2021இல் இருந்து சி.வி.இ. எண் வழங்கும் அதிகாரமும் இருக்கு. கம்பெனி நடத்துறவங்க இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். உங்க அமைப்பில் தாக்குதல் நடந்தது தெரிஞ்சா 6 மணி நேரத்துக்குள் சர்ட்-இன்னுக்குச் சொல்லணும்னு 2022 ஏப்ரல் 28ஆம் தேதி உத்தரவு இருக்கு.

"நிஜக் கருவியில் சோதிச்சுப் பார்க்கலாமா?" உங்க சொந்தக் கருவின்னா தாராளமா. அடுத்தவங்களுடையதைத் தொடக்கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆவது பிரிவு, உரிமையாளர் அனுமதி இல்லாம ஒரு கணினிக்குள் நுழைவதையே தப்புன்னு சொல்லுது. கெட்ட நோக்கத்தோடு செய்தா 66ஆவது பிரிவுப்படி மூணு வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். "நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன்"னு நிரூபிக்கக் கோர்ட்டுக்கு அலைய வேண்டி வரும். முப்பந்தலில் ஓடுற காற்றாலையில் கை வைக்காதீங்க மக்கா. மேசை மேல் போர்டும் க்யூஇமுவும் போதும்.

"பணம் கிடைக்குமா?" பரிசு தரும் திட்டங்களும் இருக்கு, தராத திட்டங்களும் இருக்கு. பரிசு கேட்டுக்கிட்டு, "கொடுக்கலைன்னா வெளியில் சொல்லிடுவேன்"னு ஒரு வரி எழுதினீங்கன்னா அதுக்குப் பேர் வேற. ஆனா ஒரு சி.வி.இ. பதிவில் கண்டுபிடிச்சவர் இடத்தில் உங்க பெயர் இருந்தா, நேர்காணலில் அதுக்கு மேல் பேச வேண்டியது அதிகம் இருக்காது. பச்சைக் கட்டத்தை விட அது கனமானது.

"நாங்களே சின்னதா ஒரு திட்டம் வச்சிருக்கோம், நாங்க என்ன செய்யணும்?" ஒரே ஒரு கோப்பு போதும். பாதுகாப்பு ஓட்டையை எந்த முகவரிக்கு எழுதணும், எத்தனை நாளில் பதில் தருவீங்க, எந்தப் பதிப்புகளுக்குத் திருத்தம் தருவீங்க. இந்த மூணு வரியை எழுதிச் செக்யூரிட்டி என்ற பெயரில் வைங்க. அந்த முகவரிக்கு வருவதை ரெண்டு பேராவது படிக்கணும். ஒருத்தர் கல்யாணத்துக்குப் போயிட்டா இன்னொருத்தர் பார்க்கணும். நிறைவேற்ற முடியாத நாள் கணக்கை எழுதாதீங்க. 7 நாள்னு எழுதிட்டு ஒரு மாசம் கழிச்சுப் பதில் போடுறதை விட, 15 நாள்னு எழுதிப் பத்தாம் நாளில் பதில் போடுறது கொள்ளாம்.

இந்த வாரம் செய்ய ஒரு சின்ன வேலை சொல்றேன். நீங்க தினமும் பயன்படுத்துற ஏதாவது ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டத்தின் ரிப்போசிட்டரியைத் திறங்க. அந்தச் செக்யூரிட்டி கோப்பு இருக்கான்னு பாருங்க. இருந்தா ஒரு தடவை முழுசாப் படிங்க. இல்லைன்னா "இப்படி ஒண்ணு வைக்கலாமா, நான் எழுதித் தரட்டுமா?"ன்னு ஒரு இஷ்யூ திறந்து கேளுங்க. அதுவே உங்க முதல் பங்களிப்பா இருக்கலாம். அடுத்த எபிசோடில் செஃபிரில் ஒரு புதுப் போர்டைச் சேர்ப்பது எப்படின்னு கோப்பு கோப்பாப் பார்ப்போம்.